பரிந்துரைக் கடிதத்தை மாணவியே எழுதிக்கொள்ளலாமா?

கேள்வி: நான் பொறியியல் துறைப் பேராசிரியர். இந்த ஆண்டு படிப்பை முடிக்கும் மாணவி ஒருவர், நான் இதுவரை கற்பித்தவர்களுள் மிகச் சிறந்தவர். அடக்கமானவர், கடுமையாக உழைப்பவர், எல்லாரோடும் இனிமையாகப் பழகுபவர். வேலைக்கு விண்ணப்பிக்கப் பரிந்துரைக் கடிதம் கேட்கிறார். வரைவை மாணவரே எழுதிவர, நாங்கள் கையெழுத்திட்டுக் கொடுப்பதுதான் எங்கள் துறையில் வழக்கம். ஆனால், எல்லாருடைய கடிதத்திலும் ஒரே புகழுரை இருப்பதால், இவருடைய உண்மையான தகுதி எடுபடாமல் போகுமோ என்று அஞ்சுகிறேன். இறுதியாண்டு ஆய்வில், வெப்ப உணரி ஒன்று பிழையாக அளப்பதைக் கண்டுபிடித்து, தாம் முடித்து வைத்திருந்த முடிவுகளைத் தாமே தள்ளுபடி செய்துவிட்டு, மறுபடியும் அளந்தார். அதனால் அறிக்கை ஒரு வாரம் தாமதமானது. இதைக் கடிதத்தில் தவிர்த்துவிடலாம் அல்லவா?

பதில்: எல்லாருடைய கடிதத்திலும் ஒரே புகழுரை இருக்கிறது என்று வருந்துகிறீர்கள். அதை அங்கே வைத்தவர்கள் யார்? வரைவை மாணவரிடமே எழுதி வாங்கிக் கையெழுத்திடும் துறையிலிருந்து வேறு எந்த மாதிரியான கடிதம் வெளிவர முடியும்? தன்னைப் பற்றித் தானே எழுதச் சொன்னால், கூச்சமுள்ளவர் தம் தகுதியைக் குறைத்தே எழுதுவார். மற்றவர், சென்ற ஆண்டு மாணவரின் கடிதத்தை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார். இரண்டிலுமே நீங்கள் கண்ணால் கண்டது எதுவும் இருக்காது. பரிந்துரைக் கடிதம் ஒரு சாட்சியம். சாட்சி சொல்ல வேண்டியவர் நீங்கள்; அந்தப் பொறுப்பை மாணவியின் தலையில் கட்டுவது, அவர் எவ்வளவு சிறந்தவராக இருந்தாலும், அவருக்குச் செய்யும் அநீதி. இந்த வழக்கத்தை இவரிடமிருந்தே நிறுத்திவிடுங்கள்.

எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு பழைய கடிதம் நல்ல வழிகாட்டி. தென் அமெரிக்கக் கரைகளை அளவிடப் புறப்படவிருந்த பீகிள் என்ற பிரிட்டிஷ் கப்பலில் செல்லத் தகுந்த இயற்கை ஆய்வாளர் ஒருவரைச் சொல்லுமாறு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோவிடம் கேட்டார்கள். அவர், அந்த ஆண்டுதான் பட்டம் பெற்றிருந்த சார்லஸ் டார்வினின் பெயரைச் சொன்னார். தாம் என்ன சொல்லிப் பரிந்துரைத்தார் என்பதை 1831 ஆகஸ்ட் 24 அன்று டார்வினுக்கே கடிதமாக எழுதினார். இந்தப் பணியை ஏற்கக்கூடியவர்களில் தமக்குத் தெரிந்தவரை மிகவும் தகுதியானவர் டார்வினே என்றும், அவர் முழுமை பெற்ற இயற்கை அறிஞர் என்று கருதி அப்படிச் சொல்லவில்லை என்றும், சேகரிக்கவும், உற்றுநோக்கவும், குறிக்கத்தக்கவற்றைக் குறித்துவைக்கவும் வேண்டிய தகுதி அவரிடம் நிறைவாக இருப்பதாலேயே சொன்னதாகவும் அதில் தெரிவித்தார். டார்வினுக்கு அப்போது வயது 22.

அந்தப் பரிந்துரையில் 'அறிவுக்கூர்மை மிக்கவர்', 'ஒழுக்கமானவர்' என்பன போன்ற பொதுவான அடைமொழிகள் எதுவும் இல்லை. கப்பலில் செய்ய வேண்டிய வேலை எது, அதில் இந்த இளைஞரால் எதைச் செய்ய முடியும் என்பதே இருக்கிறது. இன்னும் எட்டாத உயரம் எது என்பதையும் ஹென்ஸ்லோ மறைக்கவில்லை. அதை அவர் ஒளிக்காததாலேயே மற்றதையும் நம்பத் தோன்றுகிறது. டார்வின் அவருடைய விரிவுரைகளைக் கேட்டவர், அவரோடு நெடுந்தூரம் நடந்து செடிகொடிகளை ஆராய்ந்தவர். பழகிப் பார்த்த ஒருவரைப் பற்றித்தான் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும்.

ஒரே வரிப் புகழ்ச்சியும் பலித்திருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். 1948இல் பேராசிரியர் ரிச்சர்ட் டஃபின், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கணிதவியலாளர் ஜான் நாஷை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குப் பரிந்துரைத்தபோது, அவருடைய வயதையும் அவர் பட்டம் பெறவிருப்பதையும் சொல்லிவிட்டு, அவர் ஒரு கணித மேதை என்று எழுதி முடித்துவிட்டார். ஆனால் அது ஒரு கணிதவியலாளர் பிற கணிதவியலாளர்களுக்கு எழுதியது. உங்கள் கடிதத்தை முதலில் படிப்பவர் உங்களை அறியாத மனிதவளத் துறை அலுவலராக இருக்கலாம். உங்கள் துறையிலிருந்தே இதே புகழுரையோடு வந்த கடிதங்கள் அவர் மேசையில் இருக்கலாம். அங்கே 'மேதை' என்ற சொல்லுக்கு எடை இல்லை.

இப்போது அந்த உணரிக்கு வருவோம். உங்கள் கேள்வியிலேயே மிக மதிப்புள்ள செய்தி அதுதான். அதையே மறைக்கப் பார்க்கிறீர்கள். முடிவுகள் கையில் இருக்கின்றன, வழிகாட்டிக்கும் ஐயம் எழவில்லை, சமர்ப்பிக்கும் நாள் நெருங்குகிறது. அந்த நிலையில் தம் எண்களைத் தாமே சந்தேகித்து, உணரியைச் சோதித்து, செய்த வேலையை ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்கிய ஒருவரைப் பற்றி வேலை கொடுப்பவர் அறிய வேண்டாமா? மதிப்பெண் பட்டியல் இதைச் சொல்லாது, நேர்காணலிலும் இது தானாக வெளிவராது. தாமதத்தையும் சேர்த்தே எழுதுங்கள். பிழை எப்படித் தென்பட்டது, அதை அவர் எவ்வாறு உறுதிப்படுத்தினார், உங்களிடம் வந்து என்ன சொன்னார், மறுபடி அளந்தபோது முடிவு எவ்வளவு மாறியது என்பவற்றை நான்கைந்து வாக்கியங்களில் சொன்னால், கடிதத்தின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடக்கம், உழைப்பு, இனிமை என்று மூன்று குணங்களைச் சொன்னீர்கள். இதே அளவு திறமையுள்ள ஆண் மாணவர் ஒருவரைப் பற்றி எழுதினால் முதலில் இவைதாம் நினைவுக்கு வந்திருக்குமா? அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியப் பணிக்காக எழுதப்பட்ட 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, பெண்களுக்கான கடிதங்கள் பொதுவாகக் குறுகியவையாகவும், ஐயத்தை எழுப்பும் தொடர்கள் கூடுதலாக உள்ளவையாகவும் இருந்ததைக் காட்டியது. அவர்களுடைய உழைப்பைப் பற்றிய பேச்சும் அவற்றில் மிகுதி. எழுதியவர்கள் எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். ஆகவே, எழுதி முடித்த பிறகு, பெயரை மாற்றி ஓர் ஆணுக்கு எழுதியதாக எண்ணிக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். உறுத்துகிற சொல்லை எடுத்துவிட்டு, அவர் செய்த ஒரு செயலை அந்த இடத்தில் எழுதுங்கள்.

'மிகச் சிறந்தவர்' என்பதை விட்டுவிட வேண்டியதில்லை. எத்தனை ஆண்டுகளில், ஏறத்தாழ எத்தனை மாணவர்களுள், எந்தத் திறனில் என்று சேர்த்துச் சொல்லுங்கள். யாருக்கு என்று குறிப்பிடாமல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒரே கடிதம் எழுதுவதை நான் ஏற்கவில்லை. அவர் விண்ணப்பிக்கும் பணிகளின் அறிவிப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தியையாவது மாற்றுங்கள். தன்விவரக் குறிப்பையும் ஆய்வறிக்கையையும் கேட்டுப் பெறலாம். அவை உங்கள் நினைவுக்குத் துணை செய்யும், வரைவு மட்டும் வேண்டாம். உணரி நிகழ்ச்சியை எழுதப்போவதை முன்கூட்டியே அவரிடம் தெரிவித்துவிடுங்கள். நேர்காணலில் அதைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். நிறுவனத்திலிருந்து உங்களையே தொலைபேசியில் அழைத்துக் கேட்டாலும், எழுதியதைவிடக் கூடவோ குறையவோ சொல்லாதீர்கள்.