தாத்தா பெட்டியில் கிடந்த ஊர்ப்படம்: கேள்வி பதில்

பொள்ளாச்சித் தம்பி: அண்ணா, தாத்தாவோட தகரப் பெட்டியில துணி ஒட்டின கோயமுத்தூர் வரைபடம் ஒண்ணு கிடைச்சுது. தேதியே இல்லை. எந்தக் காலத்துதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும் தம்பி. முதல்ல ரயில் பாதையைப் பாருங்க. போத்தனூர்-பொள்ளாச்சி பாதை 1915-ல வந்தது. அது முழுக்கோடா இருந்தா படம் அதுக்கு முந்தினது இல்லை. புள்ளிக்கோடா இருந்தா வெறும் திட்டமாகவும் இருக்கலாம். ஆனா பாதையைக் காணோம்னு உடனே 1915-க்கு முந்தினதுன்னு முடிவு கட்டாதீங்க. பழைய படத்தைப் பார்த்து நகல் எடுக்கறப்ப புதுசா வந்ததைச் சேர்க்காம விடறதுண்டு. இருக்கறதைத்தான் நான் சாட்சியா எடுத்துக்குவேன்.

ஈரோட்டு அம்மணி: ஏனுங்க, எங்க படத்துல வீதியோரமா ரெட்டைக்கோடு ஓடுது. கோயமுத்தூர்ல டிராம் ஓடுச்சுங்களா?

பதில்: இல்லீங்கம்மா. டிராம் ஓடினது சென்னையிலங்க, 1895-ல இருந்து 1953 வரைக்கும். உங்க கோட்டுக்குள்ள நீலம் பூசியிருந்தா அது வாய்க்காலா இருக்கும்.

திருப்பூர் நண்பர்: கையால வரைஞ்சதா, அச்சான்னு எப்படித் தெரியும்?

பதில்: பூதக்கண்ணாடி வெச்சுப் பாருங்க. பேனாக் கோடு ஒரே தடிமனா ஓடாது, திரும்பற இடத்துல மை தேங்கி நிக்கும். அடியில பென்சில் கோடும், கவராயம் குத்தின துளையும் தெரிஞ்சா எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை, வரைஞ்சவர் உக்காந்திருந்த இடத்தையே தொட்ட மாதிரி இருக்கும். கோடு அச்சு, வண்ணம் மட்டும் கைன்னும் நிறைய உண்டுங்க.

கோபிக்காரர்: படத்துல மைலுக்கு 16 அங்குலம்னு போட்டிருக்குது. ஜெராக்ஸ் எடுத்து அளந்தா எங்க தோட்டம் சரியா வரமாட்டேங்குது.

பதில்: அந்தக் கணக்குல 1 அங்குலம்னா 330 அடி. நிலம் அளக்கற 66 அடிச் சங்கிலியில சரியா 5 சங்கிலி நீளம். ஆனா ஜெராக்ஸ்ல படம் சுருங்கும், விரியும். அங்குலக் கணக்கு அப்பவே போச்சு. படத்தோட ஓரத்துல அளவுக்கோடு வரைஞ்சிருப்பாங்க. அதுவும் கூடவே சுருங்கறதால அதை வெச்சு அளந்தா சரியா வரும். வரப்புத் தகராறுன்னா மட்டும் இதை எடுத்துட்டுப் போகாதீங்க, நிலத்தோட எல்லை அளவெல்லாம் போட்ட சர்வே புலப்படம்தான் வேணும்.

தாராபுரம் அக்கா: மடிப்புல கிழியுது. லேமினேஷன் பண்ணீரட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாமுங்க அக்கா! சூடும் பசையும் காகிதத்துல ஏறுனா திரும்பப் பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் கூடாது, பசை மஞ்சளாகிக் கறை பிடிக்கும். முதல்ல நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்துக்கங்க. அப்புறம் அமிலமில்லாத தாளுக்கு நடுவுல விரிச்சு, வெயில் படாத அலமாரியில வைங்க. பூச்சிக்கு வசம்பு வைக்கறதுன்னா துணியில முடிஞ்சு, படத்து மேல படாம ஓரமா வைங்க.