சுருண்ட நாற்றுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு ஏக்கரில் தக்காளி போட்டிருக்கிறேன். பண்ணையில் குழித்தட்டு நாற்று 6,000 வாங்கி நட்டேன். 12-ஆம் நாளே அங்கொன்றும் இங்கொன்றுமாக இலை சுருண்டது. இப்போது பாத்திக்குப் பாத்தி சுருட்டை. பண்ணைக்காரர், "உங்கள் காட்டு வெள்ளை ஈக்கு நான் என்ன செய்வது?" என்கிறார். மருந்துக்கடையில் 'வைரஸ் மருந்து' என்று 1,100 ரூபாய்க்கு ஒரு பாட்டில் தருகிறார்கள். வாங்கலாமா? நாற்றுக் காசு திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் அந்தப் பாட்டிலை வாங்காதீர்கள். இந்த இலைச்சுருட்டை வைரஸால் வரும் நோய். செடிக்குள் ஏறிவிட்ட வைரஸைப் போக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. நாம் அடிக்கும் மருந்தெல்லாம் அதைச் சுமந்து வரும் வெள்ளை ஈயைக் கொல்லத்தான். அந்த ஈ, நோய் கண்ட செடியில் அரை மணி நேரம் சாறு குடித்தாலே போதும், ஒரு நாளுக்குள் அடுத்த செடிக்குப் பரப்பத் தயாராகிவிடும். அப்புறம் சாகும்வரை பரப்பிக்கொண்டே இருக்கும்.

உங்கள் கடிதத்தில் நான் பிடித்துக்கொண்டது அந்த 12-ஆம் நாள். வைரஸ் செடிக்குள் போன பிறகு இலை சுருள்வது கண்ணுக்குத் தெரிய பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம் ஆகும். 40-ஆம் நாள் சுருண்டிருந்தால் உங்கள் காட்டு ஈ என்று ஒப்புக்கொள்ளலாம். சேடப்பட்டி, தே.கல்லுப்பட்டி பக்கம் பருத்தியும் கத்தரியும் நிற்கிற இடத்தில் வெள்ளை ஈக்குப் பஞ்சமில்லை. ஆனால் 12 நாளில் சுருண்ட செடிகள் பெரும்பாலும் தட்டில் இருந்தபோதே கடிபட்டவை. பண்ணைக்காரர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு நாள் காலையில் அந்தப் பண்ணைக்கே போய்ப் பாருங்கள். கட்டியிருப்பது வெறும் பச்சை நிழல்வலையா, பூச்சி நுழையாத 40, 50 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு அத்தனை கண்) நைலான் வலையா? நிழல்வலைக் கண்ணில் இந்த ஈ தாராளமாக நுழையும். அதன் நீளமே ஒரு மில்லிமீட்டர்தான். ஒரு தட்டை லேசாகத் தட்டுங்கள். ஈ இருந்தால் சலித்த மாவு பறப்பது போல வெள்ளையாகக் கிளம்பி, மறுபடி இலைக்கு அடியில் போய் உட்காரும். இலையைத் திருப்பினால் வெளிறிய செதில் போலக் குஞ்சுகள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். நாற்று வாங்கும் எல்லோரும் பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் செய்யுங்கள், தயவுசெய்து.

இனி காசு விஷயம். பில் வாங்கினீர்களா? 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தில் 'விதை' என்ற சொல்லுக்குள் நாற்றும் அடங்கும். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் தேதியோடு படம் எடுங்கள். நட்ட நாள், முதல் சுருட்டை கண்ட நாள், எத்தனை செடி என்று எழுதி வையுங்கள். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ, மதுரை வேளாண் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரையோ வயலுக்கு அழைத்துக் காட்டி, பார்த்ததை எழுத்தில் வாங்குங்கள். விதை ஆய்வாளருக்கும் பண்ணைக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். இறங்கி வரவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். வழி கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். பில் இல்லாமல் போனால் கஷ்டம்தான். அப்போது அலுவலர் எழுதித் தரும் காகிதமும் பணம் அனுப்பிய போன் பதிவும்தான் கை கொடுக்கும்.

இதற்கெல்லாம் நாளாகும், செடி காத்திருக்காது. படம் எடுத்து, அலுவலர் பார்த்த கையோடு, ஈ சுறுசுறுப்பாகப் பறக்காத அதிகாலையில் சுருண்ட செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக் கட்டி எரித்துவிடுங்கள். வரப்பில் வீசினால் ஈ மிச்சச் செடிக்குத் தாவிவிடும்.

கேள்வி: 'வைரஸ் தாங்கும்' என்று அச்சடித்த தக்காளி விதை இரண்டு மடங்கு விலை. வாங்கலாமா? (மேலூர் வாசகர்)

பதில்: வாங்கலாம், பொய் இல்லை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக் இலைச்சுருட்டையைத் தாங்கும் ஒட்டுரகம். ஆனால் தாங்கும் என்றால் வரவே வராது என்று அர்த்தம் இல்லை. நாற்றங்காலில் வலையும், வயலில் மஞ்சள் ஒட்டுப்பொறியும், ஈயைத் தடுக்க ஓரத்தில் மக்காச்சோளமும் அதற்கும் வேண்டும். பாக்கெட்டில் பரிசோதனைத் தேதியைப் பாருங்கள். அதிலிருந்து 9 மாதம்தான் விதை செல்லும். முளைப்புத்திறன் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஒட்டுரகப் பழத்திலிருந்து விதை எடுத்து அடுத்த போகத்துக்குப் போடாதீர்கள், குணம் மாறிவிடும்.

கேள்வி: அண்ணா நகர் உழவர் சந்தையில் தக்காளி சின்னதாக இருந்தது. வைரஸ் வந்த செடியில் காய்த்தது என்றார் விற்ற அம்மா. குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். இந்த வைரஸ் செடியைத்தான் தாக்கும், மனிதரை ஒன்றும் செய்யாது. உண்மையைச் சொல்லி விற்ற அந்த அம்மாவிடமே அடுத்த வாரமும் வாங்குங்கள். கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிச் சமையுங்கள்.