பில்லிங் மென்பொருளிலும் ஆராய்ச்சி இருக்கிறது: கேள்வி பதில்

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் மென்பொருள் பொறியியல் ஆராய்ச்சி மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவர், அன்னூர்: சார், வாட்டர்ஃபால் மாடல், ஸ்பைரல் மாடல் என்று மென்பொருள் தயாரிக்கும் முறைகளை மனப்பாடம் பண்ணி எழுதுகிற பேப்பர்தானுங்களே இது? இதில் ஆராய என்ன இருக்கிறது?

பரீட்சைக்குப் படித்தால் அப்படித்தான் தோன்றும் தம்பி. 1988-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பார்ட்டன் மில்லர் என்ற பேராசிரியர் ஒரு மழை இரவில் தொலைபேசி வழியாகக் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். இணைப்பில் இரைச்சல் புகுந்து, அவர் அடித்த கட்டளைகளில் குப்பை எழுத்துகள் கலந்தன. அதற்கே யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் நிரல்கள் செயலிழந்து பொத்பொத்தென்று விழுந்தன. தினமும் எல்லோரும் பயன்படுத்துகிற நிரல்கள் ஏன் விழ வேண்டும் என்று யோசித்தவர், அதையே மாணவர்களுக்கு ப்ராஜெக்டாகக் கொடுத்தார். வேண்டுமென்றே குப்பையை உள்ளே தள்ளிப் பார்த்ததில், சோதித்த நிரல்களில் ஏறக்குறைய கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை விழுந்தன. 1990-இல் கட்டுரை வந்தது. இன்று பிரவுசர் தயாரிக்கிறவர்கள்கூட ஃபஸ்ஸிங் என்ற இந்த முறையில்தான் பாதுகாப்புக் குறைகளைத் தேடுகிறார்கள்.

பில்லிங் மென்பொருள் எழுதுபவர், திருப்பூர்: நாங்கள் பனியன் கம்பெனிகளுக்கு எழுதிக்கொடுக்கிற சின்ன டீமுங்க. ஆராய்ச்சியால் எங்களுக்கு என்ன பிரயோஜனம்?

உங்களுக்குத்தான் நிறைய இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். அதுவரை ஆயிரம் ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 12. அன்றிலிருந்து 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. வரியும் மாறியது, வரம்பும் மாறியது. ஆகஸ்டில் விற்ற 1,200 ரூபாய் சட்டை அக்டோபரில் திரும்பி வந்தால், திரும்பிய சரக்குக்கான கிரெடிட் நோட்டில் பழைய 12 சதவீதம்தான் வர வேண்டும். அதனால் 12-ஐ 5 என்று திருத்தினால் மட்டும் போதாது, மூல பில்லின் தேதியையும் நிரல் பார்த்தாக வேண்டும். வரி விகிதத்தை பில், ரிட்டர்ன், ரிப்போர்ட் என்று கண்ட இடத்தில் எழுதி வைத்தவர்கள் அந்த வாரம் தூங்கியிருக்க மாட்டார்கள்.

நாளை மாறக்கூடிய முடிவு எதுவோ அதை ஒரே மாட்யூலுக்குள், அதாவது நிரலின் ஒரு தனிப் பகுதிக்குள், அடக்கி வை, மற்ற பகுதிகளுக்கு அது தெரியவே வேண்டாம் என்று கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் 1972-லேயே எழுதிவிட்டார். அந்தக் கட்டுரையை ஒருமுறை படியுங்கள், சில பக்கங்கள்தான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அந்த மாற்றத்துக்கு எத்தனை ஃபைலைத் தொட்டீர்கள், எதை மறந்தீர்கள், எது பிறகு புகாராக வந்தது என்பதெல்லாம் நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியின் வரலாற்றிலும் உங்கள் புகார்ப் பதிவிலும் இருக்கிறது. வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டு, பக்கத்துக் கல்லூரி ஆராய்ச்சி மாணவர் ஒருவருடன் உட்கார்ந்து பாருங்கள். வெளியூர்க்காரர் யாருக்கும் கிடைக்காத தரவு அது.

கல்லூரி ஆசிரியை, ஈரோடு: பணம் கட்டினால் ஒரே வாரத்தில் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிடுகிறோம் என்று சில இதழ்கள் சொல்கின்றன. பிஎச்.டி.க்காகப் போடலாமா?

வேண்டாம் அம்மிணி. ஒரு வாரத்தில் அதை யாரும் ஒழுங்காகப் படித்திருக்க முடியாது. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை கட்டாயம் என்பதை பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தன் 2022 விதிகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருந்தால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் துறையில் இதழ்களைப் போலவே மாநாடுகளுக்கும் மதிப்பு அதிகம். ஐசிஎஸ்இ என்ற சர்வதேச மென்பொருள் பொறியியல் மாநாடு முதன்மையானது, 2014-இல் ஹைதராபாத்திலேயே நடந்தது. முதல் முயற்சிக்கு, இந்தியாவில் நடக்கும் ஐசெக் மாநாட்டைப் பாருங்கள். நிராகரித்தாலும் மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் கையில் கிடைக்கும்.

ஒரு தகப்பனார், நாமக்கல்: பையன் ஐடி வேலையை விட்டுவிட்டு பிஎச்.டி. சேரணும் என்கிறானுங்க. விடலாமா?

உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் தாராளமாக விடுங்க. ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வாடகைப்படி தனி. ஐடி சம்பளத்துக்கு இது குறைவுதான். குறைந்தது மூன்று வருடம் ஆகும், ஐந்தாறும் ஆகலாம். வீட்டுக்கடன் அவன் தலையில் இருந்தால் முதலில் அதற்கு வழி பாருங்க. இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். பிறர் எழுதிய குழப்பமான நிரலோடு மல்லுக்கட்டியவர்களுக்குக் கேள்விகள் தானாகவே வரும்.

முதுகலை மாணவி, பொள்ளாச்சி: ஏஐயே நிரல் எழுதுகிறது. இந்தத் துறை இன்னும் இருக்குமா சார்?

வேலை கூடியிருக்கிறது கண்ணு. எழுதியது யாராக இருந்தாலும் அது சரியா என்று சொல்ல ஆள் வேண்டுமே. நிரலைச் சோதிக்க எழுதிய டெஸ்ட் எல்லாம் பாஸ் என்கிறார்கள், அந்த டெஸ்டுகளை யார் சோதித்தது? நிரலில் நாமே சின்னச் சின்னப் பிழைகளை நட்டு, டெஸ்ட் பிடிக்கிறதா என்று பார்க்கும் மியூடேஷன் டெஸ்டிங் 1970-களிலேயே வந்துவிட்டது. ஏஐ எழுதிக்கொடுத்த நிரல் ஒன்றையும், அதற்கு அதுவே எழுதிய டெஸ்டுகளையும் எடுத்துக்கொள். ஒரு `<` குறியை `<=` என்று மாற்றிவிட்டு டெஸ்டுகளை ஓட்டு. எது தப்பித்தது, ஏன் தப்பித்தது என்று குறித்துக்கொண்டு வா, அதிலிருந்து உன் தலைப்பைப் பேசலாம்.