பட்டாளத்திலிருந்து வீடு திரும்பியவருக்கு நாம் என்ன செய்யலாம்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பகுதியைச் சேர்ந்த ராணுவ வீரர் ஒருவர் போர்முனையில் பல மாதங்கள் இருந்துவிட்டு அடுத்த வாரம் வீடு திரும்புகிறார். பேனர், மேடை, வெடி என்று பெரிதாக வரவேற்க இளைஞர்கள் துடிக்கிறார்கள். அவர் மனைவி மட்டும் தயங்குகிறார். செய்யலாமா?

பதில்: மனைவி தயங்குகிறார் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியானால் முதல் வேலை அவரிடம் போய் உட்கார்ந்து பேசுவதுதான். அவர் போனில் கணவரிடம் கேட்டுச் சொல்லட்டும்: எந்த நாள், எத்தனை பேர், மேடையில் பேச விருப்பமா, இல்லை சும்மா கையைக் குலுக்கிவிட்டுப் போனால் போதுமா. வந்து இறங்கும் நாள் குடும்பத்துக்கு உரியது. பல நாள் தூக்கம் பாக்கி இருக்கும், பிள்ளைகளோடு மறுபடி பழகவே நேரம் வேண்டும். ஒன்றிரண்டு வாரம் தள்ளி வைத்தால் உங்கள் அன்பு ஒன்றும் குறைந்துவிடாது.

வெடி வேண்டவே வேண்டாம். திடீர்ச் சத்தம் கேட்டதும் உடம்பு தரையோடு பதுங்கப் பார்ப்பது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை, அத்தனை மாதம் அவரை உயிரோடு வைத்திருந்ததே அந்தப் பழக்கம்தான், வீட்டு வாசலை மிதித்ததும் அது நின்றுவிடாது. இன்னொன்றையும் யோசியுங்கள். அவருடைய அணியில் யாராவது திரும்பி வராமல் போயிருக்கலாம், அந்த நினைப்போடு நிற்கிறவரை 'மாவீரன்' என்று மைக்கில் கத்திப் புகழ்ந்தால் அவருக்கு அது தாங்க முடியாததாகக்கூட இருக்கும்.

மரியாதைக்குச் சத்தம் தேவையே இல்லை. இங்கிலாந்தில் வூட்டன் பாசெட் என்ற சிறிய ஊர். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் உடல்கள் பக்கத்து விமானத் தளத்தில் இறங்கி அந்த ஊரின் பிரதான சாலை வழியாகப் போகும். 2007-ல் முன்னாள் வீரர்கள் சிலர் சாலையோரம் நின்று வணங்க ஆரம்பித்தார்கள், அப்புறம் கடைக்காரர்கள், பிறகு ஊரே. மாதா கோயில் மணி அடிக்கும், வண்டி போகும் வரை யாரும் பேச மாட்டார்கள். 2011 வரை 345 பேரை அப்படி வழியனுப்பினார்கள். யாரும் உத்தரவு போட்டுச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு அதில் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: போரே கூடாது என்று நினைக்கிறவள் நான். வீரர்களுக்கு ஆதரவு காட்டினால் அந்தப் போரையும் ஆதரித்ததாக ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. எங்கே போர், எப்போது போர் என்று முடிவு செய்கிறவர்கள் வேறு, போகச் சொன்ன இடத்துக்குப் போகிறவர்கள் வேறு. உங்கள் கோபம் முதல் தரப்பின் மேல் என்றால் அதை அங்கேயே காட்டுங்கள், ஓட்டிலும் ஊர்வலத்திலும் எழுத்திலும். திரும்பி வந்தவரின் மேல் அதைக் கொட்டக் கூடாது.

இதை ஒரு நாடு கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்கர்கள் பெரும்பாலும் கப்பலில்தான் வீடு திரும்பினார்கள், நாள்கணக்கில் தோழர்களோடு சேர்ந்து பேசி, அழுது, சிரித்து, மனசைக் கொஞ்சமாவது இறக்கி வைக்க முடிந்தது. வியட்நாமில் அப்படி இல்லை. ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய ஒரு வருடம் என்று தனித்தனியாகக் கணக்கு, முடிந்ததும் தனியாக விமானம் ஏறி, நேற்று காட்டில் இருந்தவர் ஓரிரு நாளில் சொந்தத் தெருவில் நிற்பார். நாடே அந்தப் போரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம் அது, இவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நிறைய பேர் பேசாமலே இருந்துவிட்டார்கள். போர் முடிந்தது 1975-ல். இன்று பிடிஎஸ்டி என்று சொல்கிறோமே, பயங்கர அனுபவங்களுக்குப் பிறகு வரும் அந்த மன நோவு அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரபூர்வக் கையேட்டில் இடம்பிடித்தது 1980-ல்தான்.

1982-ல் வாஷிங்டனில் வியட்நாம் நினைவுச் சுவர் திறக்கப்பட்டது. பணம் திரட்டியது அந்தப் போரில் இருந்து வந்தவர்கள் தொடங்கிய அமைப்பு. வடிவமைத்தவர் மாயா லின், போட்டியில் ஜெயித்தபோது கல்லூரி மாணவி, 21 வயது. அந்தப் போர் சரியா தப்பா என்று வடிவமைப்பு எதுவும் சொல்லக் கூடாது என்பது போட்டியின் விதி. கறுப்புக் கல், 58,000-க்கு மேற்பட்ட பெயர்கள், அவ்வளவுதான். போரை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் அங்கே வந்து பெயர்களைத் தொட்டுப் பார்த்து அழுதார்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 'வீரர்களை ஆதரிப்பவன் கேள்வி கேட்க மாட்டான்' என்று வாயடைக்கிறவர்களை நான் ஏற்கவே மாட்டேன். எதற்காக அனுப்புகிறீர்கள், சரியான கவச உடை கொடுத்தீர்களா, எப்போது திரும்பக் கூப்பிடுவீர்கள் என்று கேட்பதும் அவர்கள் உயிர் மேல் உள்ள அக்கறைதான்.

கேள்வி: ரிப்பன் கட்டுவது, காரில் ஸ்டிக்கர், ப்ரொஃபைல் படம் மாற்றுவது... இதனால் வீரர்களுக்கு ஏதாவது பயன் உண்டா?

பதில்: கொஞ்சம் உண்டு. 1979-ல் டெஹ்ரானில் பிணைக்கைதியாகச் சிக்கிய அமெரிக்கத் தூதரக அதிகாரியின் மனைவி பென்னி லெய்ங்கன் தன் வீட்டு மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டினார், நாடு முழுக்க அது பரவியது, 1991 வளைகுடாப் போரின்போது வீரர்களுக்காகவும் கட்டினார்கள். 'நம்மை யாரும் மறக்கவில்லை' என்று ஒரு குடும்பத்துக்குத் தோன்றினால் அது சின்ன விஷயம் இல்லை.

போரில் இறந்தவர்களின் நினைவாகப் பிரிட்டனில் அணியும் செயற்கைச் சிவப்புப் பூவான பாப்பி இன்னும் ஒரு படி மேல். 1921 முதல் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள், வசூலாகும் பணம் முன்னாள் வீரர்களின் நலனுக்குப் போகிறது. அடுத்த வருடமே அந்தப் பூவைச் செய்ய ஒரு தொழிற்கூடம் தொடங்கி, போரில் ஊனமுற்றவர்களுக்கு அங்கே வேலையும் கொடுத்தார்கள். நீங்கள் ஒரு சின்னத்தை வாங்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் காசு எங்கே போகிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆனால் சின்னத்தோடு நின்றுவிட்டால் என்ன ஆகும்? முதல் உலகப்போர் முடிந்து வந்தவர்களை அமெரிக்கா 1919-ல் பெரிய பெரிய அணிவகுப்புகளோடு வரவேற்றது. ஊக்கத்தொகை தருவதாக 1924-ல் சட்டமும் போட்டது, பெரும்பாலோர் கைக்கு வருவது 1945-ல்தான் என்ற நிபந்தனையோடு. நடுவில் பொருளாதாரம் சரிந்து வேலை போய், குழந்தைகுட்டிகளோடு வாஷிங்டனுக்கு வந்து குடிசை போட்டு, அந்தப் பணத்தை இப்போதே கொடுங்கள் என்று கேட்டார்கள். 1932 ஜூலை 28 அன்று ராணுவத் தலைமைத் தளபதி மக்ஆர்தர் தலைமையில் ராணுவமே டாங்கிகளோடும் குதிரைப்படையோடும் கண்ணீர்ப்புகையோடும் வந்து அவர்களை விரட்டியது, குடிசைகள் எரிந்தன. கைதட்டி வரவேற்ற அதே நாடு, நடுவில் 13 வருடம்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த அவமானம் மறக்காமல் இருந்ததும் ஒரு காரணம், 1944-ல் போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கான ஜி.ஐ. சட்டம் வந்தது: படிப்புச் செலவு, வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம், வேலை இல்லாதவர்களுக்கு அதிகபட்சம் ஒரு வருடம் உதவித்தொகை. 1956-க்குள் சுமார் 78 லட்சம் பேர் அதில் படித்தார்கள் அல்லது தொழிற்பயிற்சி பெற்றார்கள். கறுப்பின வீரர்கள் பலருக்கு உள்ளூர் அதிகாரிகளும் வங்கிகளும் அந்தச் சலுகைகளைக் கிடைக்கவிடாமல் செய்தார்கள், அந்தக் கறை இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் திரும்பி வந்தவருக்கு என்ன தேவை என்று உட்கார்ந்து யோசித்துப் போட்ட சட்டம் அது. உங்கள் மக்கள் பிரதிநிதியிடம் ஓய்வூதியம், சிகிச்சை, வேலை பற்றி ஒரு கடிதம் எழுதுங்கள். ஸ்டிக்கர் அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: முன்னாள் வீரரான பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன பேசுவது? நன்றி சொன்னால் சங்கடப்படுகிறார்.

பதில்: ஒரு தடவை சொல்லியாயிற்று, போதும். இனி எல்லோரிடமும் பேசுவதைப் பேசுங்கள். 'எத்தனை பேரைச் சுட்டீர்கள்?' என்று மட்டும் கேட்காதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். 'அங்கே சாப்பாடு எப்படி, கூட இருந்தவர்கள் யார்' என்று கேட்டால் அவரே எவ்வளவு தூரம் போவது என்று முடிவு செய்வார். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்.

கேள்வி: என் தம்பி முகாமுக்குக் கிளம்புகிறான். ரயில், தேதி, படைப்பிரிவு எல்லாம் போட்டுப் பெருமையாகப் பதிவிடலாமா?

பதில்: கூடாது. இடம், தேதி, பிரிவு மூன்றும் யாருக்கோ உதவும் தகவல். நலமாகத் திரும்பி வந்ததும் படம் போடுங்கள்.

கேள்வி: நண்பன் ராணுவத்தை விட்டு வந்து எட்டு மாதம். முதலில் எல்லோரும் வந்து பார்த்தார்கள், இப்போது யாரும் இல்லை. இரவில் தூங்குவதில்லை, குடிக்கிறான், கூப்பிட்டால் வருவதில்லை. என்ன செய்ய?

பதில்: உங்களைப் போல எட்டாவது மாதத்திலும் கவனிக்கிற ஒருவர்தான் அவருக்கு இப்போது வேண்டும். அங்கே ஒவ்வொரு மணிக்கும் ஒரு வேலை, பக்கத்திலேயே உயிரைக் கொடுக்கத் தயாரான தோழர்கள். இங்கே இரண்டும் இல்லை. அதனால் 'ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லு' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அவர் சொல்ல மாட்டார். 'ஞாயிறு காலை ஆறு மணிக்கு நடக்கப் போகிறோம், வாசலில் நிற்பேன்' என்று சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள். அவரோடு பணியாற்றிய யாரையாவது கண்டுபிடித்துப் பேச வையுங்கள், உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார்.

தூக்கமும் குடியும் வாரக்கணக்கில் இப்படியே போனால் மருத்துவரிடம் போக வேண்டும், நீங்களும் கூடப் போங்கள். பிடிஎஸ்டிக்குப் பலன் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன. சாவைப் பற்றிப் பேசினால் மழுப்பாமல் நேராகவே கேளுங்கள்: 'உயிரை விடுகிற எண்ணம் இருக்கிறதா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் துப்பாக்கி, மருந்து, பூச்சிக்கொல்லி எதுவும் கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள், தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அவர் மனைவியிடமோ அம்மாவிடமோ உங்கள் போன் நம்பரைக் கொடுத்து, நடுராத்திரி என்றாலும் கூப்பிடச் சொல்லுங்கள்.