மூன்று முறை அணைத்தும் எரியும் மஞ்சள் விளக்கு: கன்வெர்ட்டருக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: என்னுடையது 2019இல் வாங்கிய பெட்ரோல் கார், 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மே மாதத்திலிருந்து ‘செக் இன்ஜின்’ விளக்கு எரிகிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் வைத்து மூன்று முறை அணைத்தார்கள். ஒவ்வொரு முறையும் 500 ரூபாய். பத்து நாளில் மறுபடியும் எரிகிறது. சீட்டில் பி0172, பி0420 என்று எழுதித் தந்தார்கள். “எமிஷன் கோளாறு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, 68,000 ரூபாய் ஆகும்” என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், 6,000 ரூபாயில் அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் வைத்து, புகைச் சான்றிதழும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. பெட்ரோல் நிரப்பியதும் மட்டும் ஸ்டார்ட் ஆகச் சற்று நேரம் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, பள்ளிக்கரணை

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள் அம்மா. பெட்ரோல் நிரப்பியதும் ஸ்டார்ட் ஆகத் தாமதம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என் கண் முதலில் அதில்தான் நின்றது. மூன்று முறை 500 ரூபாய் வாங்கியவர்கள் ஒருமுறையாவது இதைக் கேட்டார்களா?

முதலில் அந்தச் சீட்டு. பி0172 என்றால் இன்ஜினுக்குப் போகும் கலவையில் பெட்ரோல் அதிகம். பி0420 என்றால் கன்வெர்ட்டர், அதாவது சைலன்சருக்குப் போகும் வழியில் நச்சுப்புகையைச் சுத்தப்படுத்தும் பாகம், தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்ற சந்தேகம். சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. இரண்டும் சேர்ந்து வந்தால் பெட்ரோல் ஏன் கூடுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி வரும் பெட்ரோலைத் தின்று தின்று கன்வெர்ட்டர் திணறுகிறது; புகார் அதன் பெயரில் பதிவாகிறது. விருந்து வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுவலி என்றால் சமையலறைக்குப் போவோமா, வயிற்றை மாற்றுவோமா?

பெட்ரோல் எங்கிருந்து கூடுகிறது? என் முதல் சந்தேகம் பர்ஜ் வால்வு மேல். டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி காற்றில் கலக்காமல் இருக்க, அதைக் கரி நிரப்பிய ஒரு டப்பா பிடித்து வைத்துக்கொள்கிறது. இன்ஜின் சூடானதும் இந்த வால்வு திறந்து, அந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினுக்கு அனுப்பி எரித்துவிடுகிறது. வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால் ஆவி எந்நேரமும் போய்க்கொண்டே இருக்கும். டேங்க் நிரப்பிய உடன் ஆவி மிகுதி. ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். சென்னை மே மாத வெயிலில் ஆவி இன்னும் கூடும். உங்கள் விளக்கு மே மாதம் எரியத் தொடங்கியதில் எனக்கு வியப்பில்லை.

சோதனை எளிது. காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கரி டப்பாவிலிருந்து வால்வுக்கு வரும் குழாயை மெக்கானிக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வைக்கட்டும். அந்த நேரத்தில் உறிஞ்சல் இருக்கக் கூடாது. விரலைப் பிடித்து இழுத்தால் வால்வு மூடவில்லை என்று பொருள். கன்வெர்ட்டர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத சாமான் அது. (பெட்ரோல் ஆவி வெளிவரும் இடம், பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம்.)

வால்வில் குறையில்லை என்றால் அடுத்து இன்ஜெக்டர் ஒழுகல், காற்றளவு சென்சார் என்று வரிசை உண்டு. அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பி0420 தனியாக நீடித்தாலும் நேரே கன்வெர்ட்டருக்குப் போகாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் புதுக் கன்வெர்ட்டர் போட்டு, பதினோராம் நாள் அதே விளக்கோடு என்னிடம் வந்தார். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். கன்வெர்ட்டரைத் தாண்டி வரும் புகையில் ஆக்சிஜனை அளக்க ஒரு சென்சார் உண்டு; அந்தப் பின் சென்சாருக்கு முந்தைய இணைப்பில், கட்டைவிரல் அகலத்துக்குப் புகைக்கரி கோடாக வழிந்திருந்தது. கேஸ்கெட் கிழிந்து, அந்தச் சந்து வழியே வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது; சென்சார் அதை நம்பி ஏமாந்தது. காலையில் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வரும், சூடானதும் நின்றுவிடும் என்று அவர் பிறகுதான் சொன்னார். சில நூறு ரூபாய் கேஸ்கெட்டுக்காக ஒரு நல்ல கன்வெர்ட்டரைத் தூக்கிக் கொடுத்திருந்தார். அது எங்கே போனது என்று கேட்டேன். “பழசை அவர்களே வைத்துக்கொண்டார்கள்” என்றார்.

இதைத்தான் அடித்துச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பழைய கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. பழைய இரும்புக்காரர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். உங்களிடம் 6,000 ரூபாய் கேட்கும் அந்தத் ‘தெரிந்தவர்’ உங்களுக்கு உதவி செய்யவில்லை. உங்கள் காரிலிருந்து விலையுள்ள பொருளைக் கழற்றிக்கொண்டு, கழற்றியதற்குக் கூலியும் வாங்குகிறார். வெறும் குழாய் வைத்தால் விளக்கு எரியும் என்பது அவருக்கும் தெரியும். அதனால் பின் சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி நிறுத்த ஒரு குட்டிக் குழாயும் செருகுவார். காவல்காரரின் கண்ணைக் கட்டிவிட்டுத் திருடன் இல்லை என்கிற கதை. வண்டியை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு எதிரானது. பிடிபட்டால் சிக்குவது வண்டியின் சொந்தக்காரராகிய நீங்கள், அவர் அல்ல.

இவர்கள் இவ்வளவு துணிவோடு பேசக் காரணம் நம் சோதனை முறைதான். ஈயமில்லாப் பெட்ரோலும் கன்வெர்ட்டரும் சென்னைக்கு வந்தது 1995இல். முப்பது ஆண்டு கடந்துவிட்டது. உங்கள் கார் தன் கோளாறைத் தானே எழுதி வைத்திருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் கருவியைச் செருகினால் ஒரு நிமிடத்தில் படிக்கலாம். நாமோ இன்னமும் சைலன்சரில் குழாயை நீட்டி, நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துச் சான்றிதழ் கொடுக்கிறோம். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும் வண்டி நமக்கு ‘தகுதியானது’. சான்றிதழ் இல்லையென்றால் 10,000 ரூபாய் வரை அபராதம். விளக்கு எரிந்தால் ஏனென்று கேட்க நாதியில்லை. போகட்டும்.

விளக்கை அழிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான கோளாறுகளை, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்ட பிறகே கணினி விளக்கை ஏற்றும். கன்வெர்ட்டர் சோதனைக்கு வண்டி சூடாகிச் சீரான வேகத்தில் சற்று நேரம் ஓட வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் ஊர்ந்தால் அந்தச் சோதனை நாள்கணக்கில் நடக்காது. பத்து நாள் விளக்கு அணைந்திருந்ததன் ரகசியம் அதுதான்; யாருடைய கைராசியும் அல்ல. அழிக்கும்போது, கோளாறு பதிவான நேரத்து வேகம், சூடு, எரிபொருள் திருத்த அளவு (பெட்ரோலைக் கணினி எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ அனுப்புகிறது என்ற கணக்கு) எல்லாம் சேர்ந்து போய்விடும். தடயத்தைத் துடைத்துவிட்டு விசாரிப்பதற்கு 500 ரூபாய். இனி அழிக்கும் முன் ஸ்கேனர் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீண்டகால எரிபொருள் திருத்தம் மைனஸ் 10ஐத் தாண்டிக் கீழே கிடந்தால், நான் சொல்லும் பக்கமே கோளாறு இருக்கிறது. பழுது உண்மையிலேயே சரியானால், தொடர்ந்து மூன்று ஓட்டம் குறையின்றி முடிந்ததும் விளக்கு தானே அணையும்.

இத்தனைக்கும் ஒரே ஒரு விதிவிலக்கு. அதை மறக்கக் கூடாது. விளக்கு நிலையாக எரியும்வரை சோதனைக்கு நாள் பார்த்துப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் போகக் கூடாது. மின்னுகிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது. அது கன்வெர்ட்டருக்குள் போய் எரியும்; உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிவிடும். அப்போது 68,000 ரூபாய் உண்மையாகவே செலவாகும். கத்திப்பாராவில் மின்னினால் “வீடு பக்கம்தானே” என்று பள்ளிக்கரணை வரை ஓட்டாதீர்கள். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். மின்னி நின்றுவிட்டது, இப்போது சும்மா எரிகிறது என்றாலும் அன்றே காட்டுங்கள். வண்டி நன்றாக ஓடுகிறதே என்று நினைக்காதீர்கள். உருகும்போதும் நன்றாகத்தான் ஓடும்.

எல்லாம் பார்த்த பிறகும் கன்வெர்ட்டர்தான் குற்றவாளி என்று நிரூபித்தால் மாற்றுங்கள். நிரூபணம் என்றால், ஸ்கேனரில் பின் சென்சாரின் கோடு கிட்டத்தட்ட அசையாமல் நிற்பதற்குப் பதில், முன் சென்சாரைப் போலவே ஏறி இறங்குவதை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பில் வாங்குங்கள். பழையதை டிக்கியில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

வால்வு கெட்டதற்கு நீங்களும் ஒரு காரணமாக இருக்கலாம். பங்கில் கைப்பிடி ‘டக்’கென்று நின்ற பிறகு, “இரண்டாயிரமாக முடித்துவிடட்டுமா?” என்று கேட்பார்கள், நாமும் தலையாட்டுவோம். அந்தக் கூடுதல் பெட்ரோல் டேங்கில் இடமில்லாமல் கரி டப்பாவுக்குள் போகலாம். கரி ஆவியைத்தான் தாங்கும், திரவத்தைத் தாங்காது. ஊறிப்போனால் வால்வையும் சேர்த்துக் கெடுக்கும். அடுத்த முறை மீட்டர் 1,963 ரூபாயில் நின்றால் 1,963 ரூபாயே கொடுங்கள். இப்போதுதான் சில்லறைத் தொல்லையும் இல்லையே.