வயிறு எரிகிறது

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் என் தங்கையின் முகத்தை வெட்டி வேறொரு உடம்பில் ஒட்டிய படம் இன்ஸ்டாகிராமில் ஒரு போலிக் கணக்கில் வந்தது. அங்கிருந்து ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றியது. அவள் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நண்பர்கள் சேர்ந்து எம்.பி.க்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். ‘பெண்களை இழிவுபடுத்தும் படங்களையும், பிறர் மனம் புண்படும்படியான எல்லாப் பதிவுகளையும் கடுமையாகத் தண்டிக்கச் சட்டம் வேண்டும்’ என்று கேட்டிருக்கிறோம். சொந்தப் பெயர் இல்லாத கணக்குகளையும் ஒழிக்க வேண்டும். டிக்டாக்கை நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை செய்ததே, மற்றவற்றையும் ஏன் செய்யக்கூடாது? கருத்துச் சுதந்திரம் பேசும் உங்களைப் போன்றவர்கள் எங்கள் பக்கம் நிற்பதில்லையே, ஏன்? மனுவில் கையெழுத்துப் போடுவீர்களா?

க., திருமங்கலம்

*

அன்புள்ள தம்பி,

முதலில் தங்கை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். புகார் கொடுத்ததாக ஒரு வரிகூட இல்லை. மனு எழுத நாலு பேர் கூடினீர்கள், அவளைக் கூட்டிக்கொண்டு போய் புகார் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லையா? குடும்ப மானம் வெளியே போய்விடும் என்றுதானே? அவள் செய்யாத தப்புக்கு அவளை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டு டெல்லியில் சட்டம் கேட்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது தம்பி, தாங்கிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு நடந்ததற்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் ஆபாசப் படங்களைப் பரப்புகிறவர்களுக்கானவை. இப்படி ஒட்டுவேலை செய்த படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு விதிகள் நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டன, 2026-இல் அந்தக் கெடுவை இன்னும் குறைத்துவிட்டார்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்களுக்கென்று தனிப் பகுதியே உண்டு, பெயர் சொல்லாமலும் எழுதலாம். ஸ்கிரீன்ஷாட்டுகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

டிக்டாக் விஷயம். 2019 ஏப்ரல் 3-ஆம் தேதி மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது, 24-ஆம் தேதி அதே கிளை அதை விலக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜூனில் மத்திய அரசு 59 செயலிகளை முடக்கியபோது அதுவும் போனது. அதற்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. அந்தச் செயலி போனதால் உங்கள் தங்கையின் படம் வராமல் இருந்ததா? போலிப் பெயர் பற்றி ஒன்றுதான் சொல்வேன். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குப் பயந்து வாழ்கிற பெண்ணுக்கும் புனைபெயர்தான் பேச இடம் தருகிறது. இதை இத்தோடு விடுகிறேன்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது உங்கள் மனுவில் இருக்கும் ‘மனம் புண்படும்படியான’ என்ற சொல். கொஞ்ச காலமாகவே அப்பாவைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

அப்பா மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் அச்சகம் வைத்திருந்தார். ஒரு ட்ரெடில் மெஷின், ஈய எழுத்துக் கேஸ்கள், எழுத்துக் கோக்க ஒரு கம்பாசிடர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி, நாடக நோட்டீஸ், சங்க நோட்டீஸ் எல்லாம் அடிப்பார். 1976 ஜனவரி 31-ஆம் தேதி கலைஞர் ஆட்சியைக் கலைத்தார்கள். அதுவரை நெருக்கடி நிலையின் முழு பாரமும் இங்கே இறங்கவில்லை, பிறகு இறங்கியது. எனக்குப் பத்து வயது. ஒரு மில் தொழிலாளர் நோட்டீஸ் கொண்டுவந்தார். குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைத்திருந்த நேரம் அது. ‘தொழிலாளியின் வயிறு எரிகிறது’ என்று நோட்டீஸில் ஒரு வரி. அப்பா ஐநூறு காப்பி அடித்துக் கொடுத்தார்.

அச்சிடும் எந்தத் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்று 1867-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று அப்போது இருந்தது. அந்த அடி வரியை வைத்துப் போலீஸ் வந்தது. “எரிகிறது என்று போட்டிருக்கியே, எதை எரிக்கச் சொல்றே? மில்லையா?” என்று கேட்டார்கள். “வயிறுங்கய்யா” என்றார் அப்பா. அந்தப் பதில் அவர்களுக்குப் போதவில்லை. எழுத்துக் கேஸைக் கவிழ்த்துவிட்டு அவரைக் கூட்டிப்போனார்கள். சிதறிய எழுத்துகளை நானும் கம்பாசிடரும் மூன்று நாள் பொறுக்கினோம். ‘ண’வும் ‘ன’வும் கலந்து கிடந்தன.

அப்பா மறுநாள் சாயங்காலம் வந்தார். அடி இல்லை, வழக்கு இல்லை. 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை போனது, அப்பாவை விட்டு அது போகவில்லை. யார் எழுதிக்கொடுத்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார். ‘கொதிக்கிறோம்’ என்பதை ‘வருந்துகிறோம்’ ஆக்குவார். ‘கண்டிக்கிறோம்’ என்பதை ‘கேட்டுக்கொள்கிறோம்’ ஆக்குவார். நான் காலேஜில் படிக்கும்போது ஒரு அம்மா வந்தார். மகன் செத்து எட்டு நாள் ஆகியிருந்தது. கண்ணீர் அஞ்சலி நோட்டீஸுக்கு வாயால் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்: ‘என் வயித்துல தீய வச்சுட்டுப் போயிட்டியே ராசா.’ அப்பா அதை அடித்துவிட்டு ‘எங்களை மீளாத் துயரில் ஆழ்த்தி’ என்று கோத்தார். அச்சான நோட்டீஸை நான் படித்துக் காட்டினேன். “நான் சொன்னது எங்கய்யா?” என்று கேட்டார் அந்த அம்மா. அப்பா காசு வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் திருத்தவும் இல்லை.

எந்தச் சட்டமும் அந்த வரியைத் தடுக்கவில்லை தம்பி. ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதை ஸ்டேஷனில் இருக்கிறவர் முடிவு செய்வார் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும், மனிதன் தன் கையாலேயே தன் சொல்லை வெட்ட ஆரம்பித்துவிடுகிறான்.

நீங்கள் கேட்கிற சட்டம் ஏற்கெனவே இருந்து செத்ததுதான். அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. எரிச்சல், அசௌகரியம், அவமதிப்பு, இவையெல்லாம் அதில் குற்றங்கள், மூன்று வருஷம் வரை சிறை. 2012 நவம்பரில் மகாராஷ்டிரத்துப் பால்கரில், சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்ததையொட்டி ஊர் கடையடைத்ததைக் கேள்வி கேட்டு ஒரு பெண் ஃபேஸ்புக்கில் எழுதினாள், இன்னொருத்தி அதற்கு லைக் போட்டாள். இருவரையும் கைது செய்தார்கள். உங்கள் தங்கை வயதுதான் இருக்கும். ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2015 மார்ச் 24-ஆம் தேதி அந்தப் பிரிவை நீதிமன்றம் ரத்து செய்தது. ஒருவருக்குப் புண்படுவது இன்னொருவருக்குப் படாது, எது குற்றம் என்று முன்கூட்டித் தெரியாத சட்டம் சட்டமில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதன் பிறகும் போலீஸ் அந்தச் செத்த பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. இனி யார் மீதும் போடக்கூடாது என்று 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

வாடிப்பட்டியில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பெரியவர் மகளோடும் மருமகனோடும் சிறுமலைக்குப் போய்வந்து, துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம் என்று விளையாட்டாக எழுதிப் படங்களை ஃபேஸ்புக்கில் போட்டார். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்த்ததாக வழக்கு! ரிமாண்ட் செய்ய மாஜிஸ்திரேட் மறுத்தார். 2021 டிசம்பரில் மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது. அதைப் படித்த அன்று எனக்கு அப்பாவின் “வயிறுங்கய்யா” காதில் கேட்டது. நாற்பத்தைந்து வருஷம் கழித்தும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

உங்கள் ஊரில் வாழ்ந்த தியாகி விசுவநாததாஸைக் கேட்டிருப்பீர்கள். முருகன் வேஷத்தில் மேடையேறி விடுதலைப் பாட்டுப் பாடியதற்காகத் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனவர், 1940-இல் மேடையிலேயே உயிர்விட்டவர். அவர் பாட்டிலும் வெள்ளைக்காரனுக்கு மனம் புண்பட்டது.

சரி, மனுவுக்கு வருகிறேன். ‘மனம் புண்படும்படியான’ என்ற பகுதியை முழுசாக அடித்துவிடுங்கள். அந்தச் சொல்லோடு சட்டம் வந்தால் உங்கள் தங்கையின் படத்தை ஒட்டினவன் மாட்டமாட்டான். பஞ்சாயத்தில் தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிறவன்தான் மாட்டுவான். அந்த இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். புகார் கொடுத்த அன்றே எண் தர வேண்டும், படம் எந்த மணிக்கு அகற்றப்பட்டது என்று எழுத்தில் சொல்ல வேண்டும், கணக்கை நடத்தியவன் யார் என்று கண்டுபிடிக்க நாள் குறிக்க வேண்டும் என்று கேளுங்கள். அதில் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

சனிக்கிழமை காலை பெரியாரில் பஸ் ஏறி வருகிறேன். தங்கை சம்மதித்தால் மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போவோம். நீங்கள் பேச வேண்டாம், அவள் தன் வாயால் சொல்லட்டும். எழுதுகிறவர் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.