விமானப் பணிப்பெண்களின் சீருடையைப் பெரிய ஃபேஷன் டிசைனர்களிடம் ஏன் கொடுக்கிறார்கள்?

டிசைனர் சீருடை என்றால், பேஷன் உலகில் பெயர்பெற்ற ஒருவர் ஒரு விமான நிறுவனத்துக்கென்றே வரைந்து கொடுக்கும் உடை. அவரே உட்கார்ந்து தைப்பதில்லை.

காரணம் அழகு மட்டுமல்ல. அமெரிக்காவில் 1978 வரை உள்நாட்டு விமானக் கட்டணத்தை அரசு வாரியமே கட்டுப்படுத்தியது. விலையைக் குறைத்து ஆள் பிடிக்க வழியில்லை. பால் பாக்கெட் எல்லாக் கடையிலும் ஒரே விலை என்றால், சிரித்துப் பேசும் அண்ணாச்சி கடைக்குத்தானே போவோம்? அதே கணக்குதான். 1965இல் பிரானிஃப் என்ற அமெரிக்க விமான நிறுவனம் இத்தாலிய டிசைனர் எமிலியோ புச்சியைப் பிடித்தது. அவர் பளிச்சென்ற வண்ணங்களோடு, மழையில் தலைமுடி கலையாமலிருக்கக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கவசமும் கொடுத்தார். விண்வெளிக்கே கிளம்பியதுபோல் இருக்கும்! அந்தக் கவசம் வெகுநாள் நீடிக்கவில்லை.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சரோங் கெபாயா வேறு கதை. மலாய் மரபு உடையைப் பிரெஞ்சு டிசைனர் பியேர் பால்மாங் மாற்றியமைத்தார். பல பத்தாண்டுகள் கழித்தும் அதேதான். விளம்பரமே தேவையில்லை, உடையைப் பார்த்தாலே நிறுவனம் தெரிந்துவிடும்.

அப்புறம், அந்தக் கெபாயாவின் நீலம், பச்சை, சிவப்பு, ஊதா எல்லாம் அவரவர் விருப்பம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அவை பதவியைக் குறிப்பவை; நீலம்தான் தொடக்கநிலை.